மேல்தளம் மூடுவதற்கு முன் நடக்க வேண்டிய ஆய்வு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

புதிதாகப் போட்ட உள்ளூர்ச் சாலை முதல் மழைக்கே பெயர்ந்துவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம், யாரோ ஒருவர் குனிந்து தார்த்தளத்தைக் கையாலேயே உரித்துக் காட்டும் படமும் கூடவே வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அப்படம் காட்டுவது சாலையின் மேலிருக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டரை மட்டுமே. அதற்குக் கீழே அரை மீட்டர் ஆழம் வரை என்ன இருக்கிறது, அது எப்படி அமைக்கப்பட்டது, அதை யார் எப்போது பார்த்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. சாலை வடிவமைப்பிலும் களப்பணி ஆய்விலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது, உள்ளூர்ச் சாலைப் பணிகளில் ஆய்வு நடக்கத்தான் செய்கிறது, ஆனால் நடக்க வேண்டிய நேரம் கடந்த பிறகு நடக்கிறது என்பதைத்தான். ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கால் மறைக்கப்படும் ஒரு பணியில், எல்லாம் மறைந்த பின் செய்யும் ஆய்வு நீளத்தையும் அகலத்தையும் அளப்பதற்கு மேல் பெரிதாக எதற்கும் உதவாது.

வடிவமைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். கெட்டுப்போன சாலையை மீண்டும் அமைக்கத் திட்டமிடும் பொறியாளர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, பழைய சாலை ஏன் கெட்டது என்பது. அதற்கான தடயங்கள் சாலையிலேயே கிடக்கும். சக்கரங்கள் ஓடும் தடத்தில் மட்டும் முதலைத்தோல் வெடிப்பு பரவியிருந்தால், மேல்தளம் திரும்பத் திரும்ப வளைந்து நைந்துவிட்டது, அதாவது அடித்தளமோ அதன் கீழுள்ள மண்ணோ போதிய ஆதாரம் தரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஓரங்கள் மட்டும் உடைந்திருந்தால் சாலையின் அகலம் போதவில்லை, அல்லது பக்கப்பட்டையில் மண் அரித்துப் போயிருக்கிறது. ஜல்லி ஒவ்வொன்றாகக் கழன்று வருவது தார்க் கலவையின் குறையாகவோ, ஆறிப்போன கலவையை உருட்டியதன் விளைவாகவோ இருக்கலாம். குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் ஆண்டுதோறும் குழி விழுகிறது என்றால், அங்கே கசியும் குழாயையோ அடைபட்ட சிறுபாலத்தையோ தேடிப் பார்க்காமல் தார் ஊற்றுவதில் பொருளில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. முதல் வகைச் சேதத்துக்கு மேலே புதுத் தார்த்தளம் போடுவதால், வெடிப்பு சில காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். ஆகவே எல்லாச் சாலைகளுக்கும் ஒரே குறுக்குவெட்டுப் படத்தை வைத்து, சாலையின் பெயரையும் நீளத்தையும் மட்டும் மாற்றி மதிப்பீடு தயாரிப்பதை நான் வடிவமைப்பு என்று ஏற்கமாட்டேன்.

காரணத்தைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் தேவை என்று சொல்லப்படுவதுண்டு. உள்ளூர்ச் சாலைகளைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். சில இடங்களில் சோதனைக்குழி தோண்டி, எந்த அடுக்கு எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது, ஜல்லியின் இடுக்குகளில் சேறு ஏறியிருக்கிறதா, மண் எந்த வகை என்று கண்ணால் பார்ப்பதே பாதிக் கேள்விகளுக்கு விடை தந்துவிடும். மீதிக்கு, கூம்பு முனை பொருத்திய கம்பியின் மீது 8 கிலோ எடையை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் கம்பி எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் எளிய ஊடுருவுமானி போதும். மின்சாரம் தேவைப்படாத அந்தக் கருவியை இரண்டு பேர் தூக்கிச் சென்று, ஒரே நாளில் ஒரு தெரு முழுவதும் சோதித்துவிடலாம்.

மண்ணின் தாங்குதிறனை எந்த நிலையில் அளக்கிறோம் என்பது இதைவிட முக்கியம். சி.பி.ஆர். (கலிபோர்னியா தாங்குதிறன் விகிதம்) என்று சுருக்கமாக அழைக்கப்படும் சோதனை 1920களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலைப் பிரிவில் உருவானது. இன்றும் உலகின் பல பகுதிகளில் சாலைக் கனம் அதன் அடிப்படையிலேயே தீர்மானிக்கப்படுகிறது. அச்சோதனையில் மண் மாதிரியை நான்கு நாள் நீரில் ஊறவைத்த பிறகு அளப்பதற்குத் தக்க காரணம் உண்டு. காய்ந்த களிமண் கல்லைப் போல் நிற்கும்; அதே மண் ஊறிய பின், நொறுக்கிய கல்லின் தாங்குதிறனில் 2 அல்லது 3 சதவீதம்கூடத் தேறாமல் போகலாம். கோடையில் எடுத்த மாதிரியை ஊறவைக்காமல் சோதித்து, அந்த எண்ணைக் கொண்டு கனத்தைக் குறைத்த சாலை, காகிதத்தில் சிக்கனமாகத் தெரியும். மண்ணில் நீர் ஏறும் முதல் பருவத்திலேயே அந்தச் சிக்கனம் வெளிப்பட்டுவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவீன ஜல்லிச் சாலைக்கு வழிகாட்டிய ஜான் லவுடன் மெக்காடம் வலியுறுத்தியதும் இதையேதான்: வண்டியின் சுமையை இறுதியில் தாங்குவது இயற்கையான மண், ஆகவே அந்த மண்ணை நனையாமல் காப்பது சாலையின் கடமை.

அடுத்தது போக்குவரத்துக் கணக்கு. உள்ளூர்ச் சாலைதானே, சிறு வண்டிகள்தானே போகின்றன என்ற எண்ணம் மதிப்பீடு தயாரிப்போரிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சோதனைக்கென்றே அமைத்த சாலைகளில் எடையேற்றிய லாரிகளை இடைவிடாமல் ஓட்டி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆஷோ சாலைச் சோதனை என்று அறியப்படும் அந்த ஆய்வின் முடிவுகளிலிருந்து, சேதம் அச்சுச் சுமையின் (ஓர் அச்சின் சக்கரங்கள் சேர்ந்து சாலையில் இறக்கும் எடையின்) ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு, அதாவது அந்த எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வருவதற்கு, ஏற்ப வளர்கிறது என்ற கணக்கு வழக்கத்துக்கு வந்தது. சுமை இரட்டிப்பானால் சேதம் 16 மடங்கு. அரை டன் அச்சுச் சுமையுள்ள காரையும் 8 டன் அச்சுச் சுமையுள்ள லாரியையும் ஒப்பிட்டால், லாரியின் ஒற்றை அச்சு ஒருமுறை கடப்பது காரின் அச்சு அறுபத்தைந்தாயிரம் முறைக்கு மேல் கடப்பதற்குச் சமம். இதை மாறாத இயற்கை விதியாகக் கொள்ள முடியாது, சாலையின் வகைக்கேற்ப அந்த அடுக்கெண் கூடும், குறையும். என்றாலும் இது காட்டும் திசையில் ஐயமில்லை. ஒரு குடியிருப்புத் தெருவின் ஆயுளைத் தீர்மானிப்பவை அங்கே நாள்தோறும் போகும் நூற்றுக்கணக்கான இருசக்கர வண்டிகளும் கார்களும் அல்ல. குப்பை லாரியும், தண்ணீர் லாரியும், வீடு கட்டுவோருக்குச் செங்கலும் கம்பியும் கொண்டுவரும் பாரவண்டிகளுமே. அவற்றை எண்ணாமல் செய்த போக்குவரத்துக் கணக்கெடுப்பு, செய்யாததற்குச் சமம்.

சாலை மட்டம் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தளம் போடுவதால் சாலை உயர்ந்து, வீட்டு வாசல்கள் தாழ்ந்து, மழைநீர் படியேறிவிடுவது எல்லோரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாத இன்னொரு விளைவும் உண்டு: ஒவ்வொரு முறையும் நடுவிலும் ஓரத்திலும் ஒரே கனத்தில் போடப்படாததால் சாலையின் குறுக்குச் சரிவு மெல்ல மெல்லச் சிதைந்துவிடுகிறது. தார்ச் சாலைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 முதல் 2.5 சதவீதச் சரிவு வேண்டும். அதாவது 6 மீட்டர் அகலச் சாலையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 முதல் 7.5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். அந்தச் சரிவில் இறங்கும் நீர் எங்கே போகிறது என்பதும் வரைபடத்தில் இருந்தாக வேண்டும். சாலையிலிருந்து வடிகாலை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் நீர் அங்கே போய்விடாது. வடிகாலின் விளிம்பு மட்டம், அடிமட்டம், அது சென்று சேரும் இடத்தின் மட்டம் ஆகிய மூன்றும் எண்களாகக் குறிக்கப்படாத வரைபடத்துக்கு ஒப்புதல் அளிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நானறிந்த வரையில் உள்ளூர்ச் சாலைகளைக் கெடுப்பதில் லாரிகளுக்கு இணையாகவே தேங்கும் நீரையும் வைக்க வேண்டும்.

குழாய்களைப் பதித்த பிறகே சாலையைப் போட வேண்டும் என்பதை எல்லோரும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். நான் கூட்டிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை ஒரே மூச்சில் மண் தள்ளி மூடினால், மேலே எவ்வளவு நல்ல தளம் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் நீளத்துக்குச் சாலை இறங்கியே தீரும். 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக மண்ணிட்டு ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். அதைச் செய்வது வேறொரு துறையாக இருந்தாலும், ஆய்வு செய்யும் பொறுப்பு சாலைப் பொறியாளருக்கு இருக்க வேண்டும்.

இனி, ஆய்வுக்கு வருகிறேன். நல்ல ஒப்பந்தங்களில் நிறுத்தப் புள்ளிகள் என்று சில கட்டங்கள் வரையறுக்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டத்தை எட்டியதும் பணி நிற்க வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்து, சோதித்து, எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே அடுத்த அடுக்கைத் தொடலாம். ஒப்புதல் இன்றி மூடினால், மூடியதை ஒப்பந்ததாரர் தன் செலவிலேயே திறந்து காட்ட வேண்டும். உள்ளூர்ச் சாலைகளுக்கு இத்தகைய கட்டங்கள் நான்கைந்து போதும். அவற்றுள் மிக அவசியமானதும் மிக எளிதாகத் தவறவிடப்படுவதும் முதல் கட்டம்தான்: பழைய சாலையைத் தோண்டி எடுத்து மண்தளம் வெளியே தெரியும் நிலை. அந்த நேரத்தில் சுமையேற்றிய ஒரு லாரியை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லி, சக்கரத்தின் அருகே மண் எப்படி நடந்துகொள்கிறது என்று கூடவே நடந்து பார்த்தால், எங்கே அமுங்குகிறது, எங்கே பிதுங்குகிறது என்பது எந்தக் கருவியும் இன்றித் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தைத் தோண்டி மாற்றுவது அன்று அரை நாள் வேலை. சாலை முடிந்த பிறகு அதே இடம் ஒவ்வோர் ஆண்டும் செலவு வைக்கும்.

மண்ணையும் ஜல்லி அடுக்குகளையும் இறுக்குவதில் நீரின் அளவே சூத்திரம். ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தில்தான் மண் மிக அதிகமாக இறுகும், அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் இறுகாது என்பதை 1933இல் பிராக்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் சோதனை முறையாகவே வகுத்துத் தந்துவிட்டார். ஆயினும் களத்தில் ரோலர் எத்தனை முறை ஓடியது என்று எண்ணுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். உலர்ந்த மண் மீது ரோலர் இருபது முறை ஓடினாலும் பயனில்லை. சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, குழியை மணலால் நிரப்பிக் கொள்ளளவைக் கண்டு, அடர்த்தியைக் கணக்கிடும் பழைய முறையை எந்த இளநிலைப் பொறியாளரும் களத்திலேயே செய்ய முடியும். மெக்காடத்தின் காலத்துக் கண்காணிப்பாளர்கள் ஜல்லி அளவு மீறாதிருக்கிறதா என்று பார்க்கக் கையில் தராசுடன் சாலையில் நடந்தார்கள் என்பதை இங்கே நினைவூட்டத் தோன்றுகிறது.

தார்த்தளம் போடும் நாளில் ஆய்வாளர் கட்டாயம் களத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் அன்று தவறியதைப் பிறகு திருத்த வழியில்லை. முதலில் கீழ்த்தளம் தூசியின்றி இருக்கிறதா, இரண்டு அடுக்குகளையும் ஒட்டவைக்கத் தெளிக்கும் தார்க்குழம்பு எல்லா இடத்திலும் சீராகப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது அற்பமாகத் தோன்றலாம். சம கனமுள்ள இரண்டு அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தால், ஒட்டிய நிலையில் வளைவதற்கு அவை காட்டும் எதிர்ப்பில் கால் பங்கையே காட்டும். வளைவிறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கை (கனம் × கனம் × கனம்) பொறுத்தது என்ற எளிய கணக்கு இது. கையால் உரித்துக் காட்டப்படும் தளங்களில் பல, கலவை கெட்டு உரிந்தவை அல்ல, ஒட்டாமல் உரிந்தவை.

பிறகு வெப்பநிலை. ஆலையிலிருந்து சூடாகக் கிளம்பிய கலவை வழியில் ஆறுகிறது. பரப்பியதும் இன்னும் வேகமாக ஆறுகிறது. மெல்லிய அடுக்காக இருந்தால் சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். ஏறத்தாழ 80 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கிய சாதாரணத் தார்க் கலவையை உருட்டுவதால் அடர்த்தி கூடாது, ஜல்லிதான் உடையும். இறுக்கம் குறைந்தால் உள்ளே காற்று இடைவெளி மிகும். அது 8 சதவீதத்தைத் தாண்டினால் இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்து நீர் உள்ளே புக வழியாகிவிடும். 7 சதவீதத்துக்கு மேல் கூடும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் தளத்தின் ஆயுளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. ஆக, ஒரு வெப்பமானியும் அதை ஒவ்வொரு லாரியிலும் செருகிப் பார்த்து நேரத்துடன் குறித்துக்கொள்ளும் ஒருவரும் இல்லாத காரணத்தால், சரியான அளவு தாரும் சரியான ஜல்லியும் கொண்ட கலவைகூட வீணாகிறது. தார் குறைவு என்று குற்றம் சாட்டப்படும் இடங்களில் எல்லாம் தார் குறைந்திருப்பதில்லை.

சிமென்ட் கான்கிரீட் சாலை போட்டால் இந்தத் தொல்லைகள் தீர்ந்துவிடும் என்று நம்புவோர் பெருகிவருகிறார்கள். அதற்கும் அதற்கே உரிய தருணங்கள் உண்டு: பரப்புவது எளிதாக இருக்கட்டும் என்று கலவையில் கூடுதலாக நீர் ஊற்றும் தருணம், கான்கிரீட் தானாகவே வெடிப்பதற்கு முன் இணைப்பு வெட்டுகளைப் போட வேண்டிய சில மணி நேரம், ஈரம் காக்க வேண்டிய முதல் ஒன்றிரண்டு வாரங்கள். 28ஆம் நாள் கனசதுர மாதிரியை உடைத்துப் பார்த்துக் கிடைக்கும் எண், ஆய்வகத் தொட்டியில் நன்றாக நீரில் கிடந்த மாதிரியின் வலிமையைச் சொல்லுமே தவிர, வெயிலில் காய்ந்த சாலையின் வலிமையைச் சொல்லாது.

இவற்றையெல்லாம் யார் பார்ப்பது என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. பணியை அளந்து பணம் பரிந்துரைப்பவரே தரத்தையும் சான்றளிப்பதும், சோதனை ஆய்வகத்துக்குக் கட்டணம் செலுத்துபவர் ஒப்பந்ததாரராகவே இருப்பதும், மாதிரி எங்கே எடுக்க வேண்டும் என்பதைத் தளத்தில் நிற்கும் அவருடைய ஆளே காட்டுவதும் வழக்கமாகிவிட்ட இடங்களில், சோதனை முடிவுகள் எல்லாம் தேர்ச்சி பெற்றே வருவதில் வியப்பில்லை. மாதிரி எடுக்கும் இடங்களைக் குலுக்கல் எண்களைக் கொண்டு, பணி முடிந்த பிறகு, உடனிருப்போர் யாரும் முன்கூட்டி அறியாதபடி தேர்ந்தெடுக்க வேண்டும். தளத்தின் நீளவாட்டு இணைப்புகளில் இறுக்கம் எப்போதும் குறைவாகவே இருக்குமாதலால் அங்கும் தனியாக எடுக்க வேண்டும். துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி, களத்தில் கோர் என்பார்கள், தளத்தின் கனம், அடர்த்தி, அடுக்குகளின் ஒட்டுதல் ஆகிய மூன்றையும் ஒருசேரக் காட்டிவிடும். ஆய்வகத்துக்கான பணத்தை ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, பணியளிக்கும் அமைப்பே நேரடியாகச் செலுத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வாளருக்குப் பணியை நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். குறிப்பெழுதும் அதிகாரம் மட்டும் உள்ளவரின் எதிர்ப்பு, ரோலரின் சத்தத்தில் கேட்காது. பணியாளர் பற்றாக்குறையால் ஒரே பொறியாளர் ஒரே நாளில் பல பணியிடங்களைப் பார்க்க வேண்டிய நிலை உண்மையானது. அதற்குத் தீர்வு, பார்க்காமலேயே கையொப்பமிடுவது அல்ல, அவரால் பார்க்கக்கூடிய எண்ணிக்கையில் மட்டுமே ஒரே நேரத்தில் பணிகளைத் தொடங்குவதுதான்.

பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணியிட அறிவிப்புப் பலகையில் தொகையும் ஒப்பந்ததாரர் பெயரும் இருந்தால் போதும் என்று விட்டுவிடாமல், அடுக்குகளின் வகையும் கனமும் காட்டும் குறுக்குவெட்டுப் படம், நிறுத்தப் புள்ளிகள் எவை, ஒவ்வொன்றிலும் ஒப்புதல் தந்தவரின் பதவியும் தேதியும் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். குறுக்குவெட்டுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் நிற்கும் எவரும் அளவுநாடாவால் கனத்தைச் சரிபார்த்துவிடலாம்; அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. அதே சமயம், ரோலர் ஓடும் இடத்தில் கூட்டமாக நின்று வேலையை மறிப்பதும், சூடான கலவையுடன் லாரியைக் காத்திருக்க வைப்பதும் சாலையின் தரத்தையே கெடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பற்றி. பல ஒப்பந்தங்களில், பணி முடிந்த பின் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்படும் பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அக்காலம் முடியும் நாளில் நிறுத்திவைத்த தொகை விடுவிக்கப்படுகிறது. அந்த நாளுக்கு முன் நடத்தப்படும் இறுதி ஆய்வு மழைக்காலத்திலோ, மழை ஓய்ந்த உடனேயோ நடக்கும்படி ஒப்பந்தத்திலேயே குறிக்க வேண்டும். 3 மீட்டர் நீளச் சட்டத்தைச் சாலையில் வைத்துப் பள்ளத்தை அளப்பதையும், நீர் தேங்கும் இடங்களை வரைபடத்தில் குறிப்பதையும் அந்த ஆய்வில் கட்டாயமாக்க வேண்டும். உலர்ந்த சாலையில் வண்டியில் அமர்ந்தபடி சுற்றிவந்து எழுதும் அறிக்கையின் பேரில் தொகையை விடுவிக்கும் நடைமுறையை உள்ளாட்சி அமைப்புகள் உடனே கைவிட வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவர்